அவ்வையான ஆண்மகன்

நாடக மேடை பொய் பேசும் இடம் என்று பழிப்போர் உண்டு. ஆண்டி அரசனாகிறான், அரசன் அடிமையாகிறான், ஆண் பெண்ணாகிறான். பொய்தான்! ஆனால் அந்தப் பொய் ஒரு பேருண்மையைப் பேசிவிடுகிறது. பிறந்தபோது இன்னான் என்றால் இறக்கும்வரை இன்னானே என்று விதித்த ஏடுகளை, ஒரு திரையும் ஒரு விளக்கும் ஒரு கைப்பிடி அரிதாரமும் கொண்டு எள்ளி நகையாடுகிறது மேடை. அந்த உண்மையை அரை நூற்றாண்டு காலம் தம் உடலாலும் குரலாலும் மெய்ப்பித்தவர் அவ்வை டி. கே. சண்முகம்.

அவர் நம் முகாமைச் சேர்ந்தவர் அல்லர். தேசியப் பற்றாளர், கடவுள் நம்பிக்கையாளர், 'சிவலீலா' போன்ற புராண நாடகத்தைக் கோலாகலமாக மேடையேற்றிய குழுவின் தூண். பின் ஏன் அவரைப் பற்றிப் பகுத்தறிவு இளைஞர் அறிய வேண்டும்? காரணம் உண்டு. நம்மவர் என்பதற்காகப் புகழ்வதும், மாற்றார் என்பதற்காக மறைப்பதும் பக்தனின் பழக்கம். எடை போட்டுப் பார்ப்பதே பகுத்தறிவாளனின் பழக்கம்.

1912இல் பிறந்த சண்முகம், 1918இல், ஆறே வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்க்கப்பட்டார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை 'ஸ்திரீ பார்ட்' போட்டுப் பெயர் பெற்ற நடிகர். உடன்பிறந்தோர் சங்கரன், முத்துசாமி, பகவதி ஆகியோரும் நாடகத்துக்கே வந்தனர். இந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் சொல்லிச் சொல்லி மகிழும் செய்தி. வீர அபிமன்யுவாக அந்தப் பாலகன் நின்றான், ஊர் வியந்தது.

1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் உடன்பிறந்தோர் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். இங்கேதான் சண்முகத்தின் வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். பிள்ளை வேடத்தில் புகழ் பெற்ற பலர், குரல் உடைந்ததும் கலை உடைந்து போனவர்கள். இவரோ புராணத்திலிருந்து சமூகத்துக்கு நடந்து வந்தார். ஏழைக் குமாஸ்தாவின் மகள் கிழவனுக்குக் கட்டி வைக்கப்பட்டு விதவையாகும் கொடுமையைக் காட்டியது 'குமாஸ்தாவின் பெண்'. 1941இல் அது படமாகவும் வந்தது. வில்லும் அம்பும் ஏந்திய கை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும் இளைஞனின் கையாக மாறியது. 1948இல் வந்த 'பில்ஹணன்' படத்தில் காதலுக்காகத் தலையையே பணயம் வைக்கும் கவிஞன். 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழ'னில் சிறையில் நோயுற்று உருக்குலைந்த சுப்பிரமணிய சிவா. ஒருவரா இத்தனை பேர்!

எல்லாவற்றுக்கும் முடியாக நிற்பது 1940களில் அரங்கேறிய 'அவ்வையார்'. முப்பதை எட்டிய ஓர் ஆண்மகன், கூனிய முதுகும் கோலூன்றிய கையுமாக, தமிழ் மூதாட்டியாகவே ஆகிவிட்டார். இளம்பெண் வேடம் எளிது. பட்டும் பொட்டும் பாதி வேலையைச் செய்துவிடும். கிழவி வேடத்துக்கு அலங்காரம் துணை வராது. தளர்ந்த நடையில் தளராத அறிவைக் காட்ட வேண்டும். நடுங்கும் குரலில் நடுங்காத துணிவைக் காட்ட வேண்டும். அதைக் காட்டினார். மக்கள் அவர் பெயருக்கு முன்னால் அவ்வையை நிறுத்தினர். இன்றும் சென்னையில் ஒரு சாலை அந்தப் பெயரைத் தாங்குகிறது.

புகழ்ந்தோம்; இனி எடை போடுவோம்.

ஆண் ஏன் அவ்வையாக வேண்டி வந்தது? பெண்ணுக்கு நடிக்கத் தெரியாததாலா? அதற்கும் நெடுங்காலம் முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திக் காட்டியிருந்தார். மேடையேறிய பெண்ணை இழிவாகப் பார்த்த சமுதாயமே ஆணுக்குச் சேலை கட்டியது. 1953இல் ஜெமினியின் 'அவ்வையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அதே மூதாட்டியாக நின்று தமிழகத்தையே கவர்ந்தார். சண்முகத்தின் திறனைப் போற்றுவோம்; அத்திறனுக்கு வாய்ப்பளித்த தடையைப் போற்றோம். அவர் குழுவே பின்னர் எம். எஸ். திரௌபதி போன்ற நடிகையருக்கு இடம் தந்தது என்பதையும் மறவோம்.

இன்னொன்று. ஆறு வயதில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை, பாய்ஸ் கம்பெனிக்குப் போனது ஏன்? வறுமை! பாட்டும் வசனமும் அடிக்குப் பயந்து மனப்பாடமாயின. இரவு முழுதும் கண்விழிப்பு. தப்பித் தழைத்த ஒரு சண்முகத்தைக் காண்கிறோம். தழைக்காமல் போன நூறு சிறுவர்களின் பெயர் எந்தச் சாலைக்கும் இல்லை. திருப்பூர்க்காரருக்கு இது புரியாத கதையன்று. பனியன் ஏற்றுமதி பெருகிய 1980களில், டெய்லருக்குக் கைமடித்துக் கொடுக்க எத்தனை சிறுவர்கள் புத்தகப் பையைத் துறந்தனர்! 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பள்ளியில் பாடம் சொல்லும் நாம், காலியான ஓர் இருக்கையைக் கண்டால் இன்றும் காரணம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் குழுவிடம் நம் இயக்கம் பெற்ற கடனும் சிறிதன்று. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அங்கே வளர்ந்தவர். அண்ணாவின் 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவை'யும் ஊர் ஊராக எடுத்துச் சென்ற கே. ஆர். ராமசாமி அங்கே பயின்றவர். 1934இல் அண்ணா பெரியாரைச் சந்தித்தது நம் திருப்பூரில். பத்தாண்டு கழித்து, 1944இல், அண்டையிலுள்ள ஈரோட்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் கூட்டிய நாடகக் கலை மாநாட்டில் அதே அண்ணா பேசினார். கொள்கையில் வேறுபட்டோர் கலையின் வளர்ச்சிக்காக ஒரே பந்தலில் அமர்ந்தனர்.

1973இல் சண்முகம் மறைந்தார். 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவர் நூல் இருக்கிறது. நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். ஷிப்டு முடிந்த பின் மன்றத்தில் ஒத்திகை பார்க்கும் தோழர்கள், கருத்து சரியாக இருந்தால் நடிப்பு எப்படியும் இருக்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். கூடாது! ஒரு கிழவியின் நடைக்காக அந்த மனிதர் பட்ட பாட்டில் பாதியேனும், நாம் மேடையில் காட்டும் ஒரு தொழிலாளியின் நடைக்காகப் படுவோம். அவருடைய உழைப்பை நாம் எடுத்துக்கொள்வோம். அந்த மேடைக்குப் பின்னால் தூக்கம் கெட்ட சிறுவர்களையும், மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களையும் நாம் மறவாதிருப்போம்.