பின் சீட்டுக்கு அடியில் ஒரு சிலிண்டர்

போன மாதம் ஒரு காலை. மகளை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றிவிட கரமனை ரோட்டு முனையில் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமான வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொல்லி, சேட்டன் வேறு ஆட்டோ கொண்டுவந்தார். பழைய பெட்ரோல் வண்டி; பிறகு கேஸுக்கு மாற்றியது. "சேட்டா, டாங்க் எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். டாங்க்கில் ஒரு தகடு, அதில் நம்பர், டெஸ்ட் செய்த தேதி. ஆர்.சி.யையும் எடுத்துக் காட்டினார். எரிபொருள் இருக்குமிடத்தில் பெட்ரோலோடு எல்பிஜி என்றும் ஏறியிருந்தது.

மகளுக்கு ஒரே வெட்கம். "ஏம்பா இப்படி எல்லார் முன்னாடியும் கேக்குறீங்க?" என்றாள். அவளுக்குச் சொல்லாத கதை ஒன்று உண்டு.

2004-ம் வருஷம். பேங்கில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர் கிளை. கடன் கொடுத்த வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை என் தலையில். ஒரு ஆம்னி வேன். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் வீட்டு சிலிண்டர், சாய்த்துப் படுக்க வைத்து, கயிற்றால் கட்டி! நான் முழித்ததைப் பார்த்து வேன்காரர் சொன்னார்: "சார், பெட்ரோல்ல ஓட்டினா உங்க டியூ எப்படி சார் கட்டுறது?"

மூன்று தவணை பாக்கி இருந்த வண்டி அது. வசூல் ஆனால் போதும் என்று எனக்கும் மேலே இருந்து நெருக்கடி. அறிக்கையில் "வாகனம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

நான் பி.காம். படித்தவன், எஞ்சினீயர் இல்லை. ஆனால் இந்த மாற்று டாங்க் விவகாரத்தின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, இது எஞ்சினை விட விலையின் கதை என்றே தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு முதல் பெரிய உதாரணம் இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் கம்பெனிகள் என்ன செய்யும்? கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டும் உலைகளை வண்டியிலேயே மாட்டினார்கள். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 'டிவிஎஸ் கேஸ் பிளாண்ட்' என்று சொந்தமாகவே தயாரித்து விற்றார். கரி கேஸ் பஸ் என்று உங்கள் வீட்டுத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலை பிடிக்கும் வரை காற்றுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறும். அந்த வாயுவில் எரிகிற முக்கியப் பொருள் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். தெரிந்தும் ஓட்டினார்கள், ஏனென்றால் வேறு வழி இல்லை. போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் உலைகள் போய்விட்டன. ஆபத்து என்று யாரோ சொன்னதால் போனதை விட, தேவை தீர்ந்ததால் போனது என்பதே சரி.

அடுத்தது யாழ்ப்பாணம். இதைப் படிக்கும் ஈழத்து நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கண்ணில் படாத பொருள். பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல். அதைச் சின்னக் குப்பியில் வைத்து, ட்யூப் வழியாகக் கார்புரேட்டருக்குள் விடுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். எந்த விதிப் புத்தகமும் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரை அதுதான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த இரண்டிலும் நெருக்கடி ஊருக்கே பொதுவானது, ஆபத்தும் ஏறுகிறவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எங்கள் ஊர் ஆம்னி வேறு ரகம். பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே இருந்தது. வித்தியாசம் விலையில் மட்டும்தான். லாபம் ஒருவருக்கு, ஆபத்து சீட்டுக்கு மேல் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு. அதுவும் அவர்களுக்குத் தெரியாமல்.

இனி சட்டத்துக்கு வருவோம். சமையல் கேஸ் மானியத்தில் வந்த பொருள், அடுப்புக்கு மட்டும்தான். வாகனத்தில் எல்பிஜி பயன்படுத்த நம் நாட்டில் ரொம்ப நாள் அனுமதியே கிடையாது. 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, கேஸ் கிட் பொருத்தி எஞ்சினை மாற்ற வழி செய்தார்கள். 2001-ல் விதிகளும், வாகன எல்பிஜிக்கென்று தனிக் கட்டுப்பாட்டு உத்தரவும் வந்தன. அங்கீகாரம் பெற்ற கிட், வெடிபொருள் துறை ஒப்புதல் உள்ள டாங்க், ஆர்.சி.யில் பதிவு. வீட்டு சிலிண்டர் அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

"ரெண்டுமே இரும்பு, ரெண்டுமே கேஸ், என்ன வித்தியாசம்?" என்று அந்த வேன்காரரும் கேட்டார். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும். வீட்டு சிலிண்டர் நிமிர்ந்து நின்று, மேலே சேரும் ஆவியை மட்டும் அடுப்புக்குக் கொடுக்கச் செய்தது. வண்டி கிட்டுக்குத் திரவமாகவே வேண்டும். ரேடியேட்டர் சூட்டில் அதை ஆவியாக்கிக்கொள்ளும். அதனால்தான் சிலிண்டரைச் சாய்ப்பதும் கவிழ்ப்பதும். வாகன டாங்க்கில் 80 சதவீதம் நிரம்பியதும் உள்ளே போவது தானாக நின்றுவிடும். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டுமே! விபத்தில் குழாய் அறுந்தால், கேஸ் திடீரென்று வேகமாக வெளியேறுவதை உணர்ந்து அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. வால்வுகளைச் சுற்றி மூடிய பெட்டி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய். கசிந்தாலும் உள்ளே வராது. எல்பிஜி காற்றை விடக் கனம். வேனுக்குள் கசிந்தால் தரையில், பிள்ளைகளின் கால்மாட்டில் தேங்கும். ஒரு சின்னப் பொறி போதும். கயிற்றில் கட்டிய சிலிண்டரில் இந்தப் பாதுகாப்பு ஒன்றுமே கிடையாது.

சரி, 2001-லேயே விதி வந்துவிட்டதே, 2004-ல் அந்த சிலிண்டர் எப்படி வந்தது? எங்கள் ஊர்ப் பக்கம் கேஸ் பங்க் இல்லை. சட்டப்படி கிட் போடச் செலவு அதிகம். வீட்டு சிலிண்டரோ மானிய விலையில் வாசலுக்கே வந்தது. இப்படி ஒரு விலைப் பள்ளத்தைத் தோண்டி வைத்துவிட்டு, யாரும் விழக் கூடாது என்று போர்டு வைத்தால் எப்படி?

பள்ளத்தைக் கொஞ்சம் மூடிய வேலையில் எங்கள் பேங்க்குகளுக்கும் பங்கு உண்டு. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருஷத்துக்கு 6 என்று வரம்பு வந்தது; பிறகு 9, 12 என்று உயர்ந்தது. 2015 ஜனவரியில் நேரடி மானியத் திட்டம் நாடு முழுக்க வந்தது. சிலிண்டரைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும், மானியம் பாஸ்புக்கில் ஏறும். வேனுக்குத் திருப்பிவிட்டால் கிடைத்த லாபம் அந்த அளவுக்குக் குறைந்தது. அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில் உத்தரப் பிரதேசம் பதோகியில் கேஸ் சிலிண்டரோடு ஓடிய பள்ளி வேன் தீப்பிடித்துப் பல குழந்தைகள் தீக்காயம் அடைந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பழைய அறிக்கையின் வாசகம்தான் திரும்பத் திரும்ப ஓடியது.

பேங்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் ஏறாத கிட், இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஏறாது. விபத்து நடந்தால் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான். கிட் போட்டால் பாலிசியில் சேர்க்க ஆகும் கூடுதல் பிரீமியம் சின்னத் தொகை. வண்டி மேல் கடன் இருந்தால் மாற்றும் முன் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். டாங்க்குக்கும் ஆயுள் சோதனை உண்டு: எல்பிஜி என்றால் 5 வருஷத்துக்கு ஒருமுறை, சிஎன்ஜி என்றால் 3 வருஷத்துக்கு ஒருமுறை. சிஎன்ஜி டாங்க்கில் அழுத்தம் சுமார் 200 பார் வரை போகும். அதில் தேதி தவறுவது விளையாட்டில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு கூச்சம் உண்டு. பாஷை சரியாக வராது, நமக்கேன் வம்பு என்று யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டோம். கேளுங்கள். வண்டி நம்பரைப் போட்டால் எம்பரிவாகன் ஆப்பில் எரிபொருள் என்னவென்று வந்துவிடும். பெட்ரோல் என்று மட்டும் வந்து, வண்டிக்குள் கேஸ் வாடை அடித்தால் பிள்ளையை இறக்கிவிடுங்கள். ஒழுங்காக ஓட்டும் டிரைவர் கோபிக்க மாட்டார். எங்கள் சேட்டன் மாதிரி சிரித்துக்கொண்டே திறந்து காட்டுவார்.

அந்த வேன்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கு டியூ கட்ட வேண்டியிருந்தது. எனக்கு வசூல் காட்ட வேண்டியிருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்க்கும் அதிகாரம் இருந்தவன் அன்று நான் ஒருவன்தான். பார்த்துவிட்டு மூடிவிட்டேன். இப்போது யார் வெட்கப்பட்டாலும் திறந்து பார்க்கிறேன்.