பொருநைக்கரையைச் சுமந்து சென்றவர்

புதுமைப்பித்தன் என்னும் சொ. விருத்தாசலம் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஆயினும் அவரை ஆளாக்கிய ஊர் திருநெல்வேலி. அங்கே இந்துக் கல்லூரியில் பயின்று, 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

எழுத்தை நம்பிச் சென்னை சென்றார். 'மணிக்கொடி' பெயர் தந்தது, பொருள் தரவில்லை. 'தினமணி'யில் பணியாற்றினார். பின்னர்த் திரைப்படத் துறையை நாடினார். 'ராஜமுக்தி' படத்திற்காகப் புனாவில் தங்கியிருந்த காலத்தில் காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

பிரிந்த ஊரை அவர் புகழ்மொழிகளால் போற்றினாரல்லர். நெல்லைப் பேச்சையே கதைக்குள் குடியேற்றினார். அதன் சாதிச் செருக்கையும் மறைத்தாரல்லர். 'துன்பக்கேணி'யில், வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்ல நேர்கிறது. தன் மக்களுக்குச் சோறிட மாட்டாத மண்ணின் கதை அது. எழுதியவரும் பிழைப்புக்காக அம்மண்ணை நீங்கியவரே. அதனால்தான் அக்கதையில் ஏளனம் இல்லை, வேதனை உண்டு.

2002இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. வாழ்நாளில் உடைமை ஏதும் சேராதவரின் எழுத்து, இன்று அனைவர்க்கும் உடைமை. ஊரைப் பாட விழையும் நம் கவிஞர்கள் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: ஊர்ப்பற்று என்பது ஊரின் பெருமையைப் பாடுவது மட்டுமன்று, அதன் குரலைப் பிழையின்றிக் கேட்பதுமாகும்.