பங்கு

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கத்தோலிக்கர் இருவர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், பேருக்கு அடுத்த கேள்வி "நீங்க எந்தப் பங்கு?" என்பதுதான். கோயில், அதைச் சுற்றிய ஊர்கள், அங்கே குடியிருக்கும் சாமியார், ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைத் தோட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். பங்குச் சாமியார், பங்குத் திருவிழா, பங்குப் பேரவை, கிளைப்பங்கு என்று அது கிளைவிட்டு வளர்ந்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையார் ஏறத்தாழ இதே அமைப்பைச் சேகரம் என்கிறார்கள். அவர்கள் சொல்லில் சேர்ப்பது இருக்கிறது. நம் சொல்லில் பிரிப்பது இருக்கிறது.

பகு என்னும் வினையடியாகப் பகுதி, பகிர்வு, பங்கீடு, பங்காளி எனப் பல சொற்கள். பங்கும் அந்தக் குடும்பம். இதைத் தமிழன் வாயில் ஊன்றியது நிலம். பிரமதேயச் செப்பேடுகளில் ஒவ்வொருவர் பேருக்கும் நேரே இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். விளைவை இன்னாருக்கென்று ஒதுக்கி எழுதிவைக்கும் பழக்கம் பாகூர் மண்ணுக்கும் பழையது: நிருபதுங்கவர்மன் காலத்து, 9ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களை இங்கிருந்த கல்விச்சாலைக்குக் கொடுக்கிறது. பின்னால் மிராசு ஊர்களில் பங்குக்காரர் என்றொரு வகுப்பே இருந்தது.

நில வழக்கில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பாதி உண்டு. பங்கு உள்ளவர் விளைச்சலுக்கு மட்டும் கைநீட்ட முடியாது. ஏரிக்கரை கரைந்தால், வாய்க்கால் தூர்ந்தால் மண்வெட்டியோடு ஆள் வரவேண்டும். குடிமராமத்து அப்படித்தான் நடந்தது. வாங்கும் பாதியும் செய்யும் பாதியும் சேர்ந்தால்தான் பங்கு. கோயில் வழக்குக்கு இந்தச் சொல் வந்தபோது இரண்டாவது பாதி வழியிலேயே விழுந்துவிட்டது என்பது என் துணிபு.

ஏன் விழுந்தது? கோயிலில் பங்கு என்றால் முதலில் எல்லைதான் பொருள். மறைமாவட்டத்தின் நிலப்பரப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரு வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொன்னது. பிரித்தவர் மேலே இருந்தார். கீழே இருந்தவர் அந்த எல்லைக்குள் பிறந்தார், மணமுடித்தார், புதைக்கப்பட்டார். அவர் செய்யவேண்டியது என்று பெரிதாக எதுவும் இல்லை.

செய்வதற்கென்று தனியே ஓர் ஆள் எப்போதும் இருந்தார். 1542க்குப் பின் முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் ஊர்தோறும் வைத்துவிட்டுப் போன பொதுநிலையாருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். வீரமாமுனிவர் காலத்தில் அவர் வேதியர். அவருக்காகவே முனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். 1776இல் பாரீஸ் மறைபரப்பு சபையார் புதுச்சேரி மிஷனை ஏற்றபின் இந்தப் பக்கத்து ஊர்களில் அவர் உபதேசியார். குரு கூண்டுவண்டியில் என்றோ ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான்: மாலை செபம், மந்திரம் சொல்லித்தருவது, சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம், அடக்கச் செபம். இந்த ஊர்களின் விசுவாசம் பெருமளவு இவர்கள் தோளில் நின்றது. அவர்களில் பெரும்பாலோர் பேர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

உபதேசியார் செய்தார், சாமியார் செய்தார், மற்றவர்கள் கண்டார்கள். இதை நான் இட்டுக்கட்டவில்லை, அன்றைய வழக்கே அதுதான். ஞாயிறு கடனைப் ‘பூசை காண்பது’ என்றார்கள். முழுப்பூசை கண்டாயா, பாதிப்பூசை கண்டாயா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேள்வி வரும். பூசை லத்தீனில் நடக்கும். குரு மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். சனங்கள் தம்பாட்டுக்குச் செபமாலை சொல்வார்கள். நடுப்பூசை மணி அடித்ததும் எல்லாத் தலையும் நிமிரும். கண்டாயிற்று, கடன் தீர்ந்தது.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இந்த வினைச்சொல்லின் மேலேயே கைவைத்தது. விசுவாசிகள் அன்னியரைப்போல, வாய்பேசாத பார்வையாளரைப்போலப் பலியில் இருக்கக்கூடாது, உணர்ந்து பங்கெடுக்கவேண்டும் என்றது அதன் 48ஆம் பத்தி. சில ஆண்டுகளில் பீடம் திரும்பியது, பூசை தமிழுக்கு வந்தது. பூசை திருப்பலி ஆயிற்று. காண்பது பங்கேற்பது ஆயிற்று. 1983இல் வந்த புதிய சட்டம் பங்கைப் பிரித்த நிலமாக மட்டும் பார்க்கவில்லை. விசுவாசிகளின் சமூகம் என்று விளக்கம் தந்தது. பங்கும் பங்கேற்பும் ஒரு வேர்ச்சொல்லில் சந்தித்துக்கொண்டது தமிழுக்கு வாய்த்த பேறு. வில்லியனூர்க்காரருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். திருக்காமீசுவரர் தேரைப் பார்க்கப் போகிறவர் வேறு, வடம் பிடிக்கப் போகிறவர் வேறு என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

சட்டம் மாறியதும் மனிதர் மாறிவிடவில்லை. மாற்றத்தை உள்ளூருக்கு இழுத்துவந்தது அன்பியம். முப்பது நாற்பது வீடுகள் ஒரு குழு. வாரமோ மாதமோ ஒரு வீட்டில் கூட்டம். பாய் விரித்து, விவிலியத்தை நடுவில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வாசகம் படிக்க ஆள் கேட்டால் முதலில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்கா ஒருவர் புத்தகத்தை வாங்குகிறார். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, ‘தெசலோனிக்கர்’ என்ற பேரை இரண்டாகப் பிய்த்துப் படிக்கிறார். அடுத்த சுற்றில் தயக்கம் பாதி குறைகிறது. பிறகு ஒரு ஞாயிறு கோயிலில் மைக்கைத் தம் உயரத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு முதல் வாசகம் படிக்கிறார். எந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டவில்லை என்ற செய்தி அன்பியத்திலிருந்துதான் சாமியாருக்கே போகிறது. ஊழியம் என்று நாம் பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் இவ்வளவு சிறிதாகத்தான் தொடங்குகிறது.

பார்வையாளராக இருப்பவரெல்லாம் தாமே விரும்பி ஒதுங்கியவர் இல்லை என்பதையும் இந்தச் சொல்லின் வரலாறு சொல்கிறது. 1745இல் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அவர்கள் முறையிட்டு அது இடிக்கப்பட்டதையும், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிந்திருக்கிறது. இருநூற்று அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து, இதே புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் கேட்டது என்ன? தனிப் பங்கு. 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போயிற்று. ஒரு பங்குக்குள் பங்கு கிடைக்காதவர் தனிப் பங்கு கேட்பதைப் பிரிவினை என்று பேசுவது அநியாயம். செய்யும் பாதியை மறுத்தவர்கள் பிரித்தார்கள். கேட்டவர்கள் அதைப் பேரிட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான். குடும்பத்துக்கு இவ்வளவென்று எங்கள் ஊர்களில் வசூலிக்கும் தலைக்கட்டு வரியும் இந்த விலக்கலுக்குத் தூரத்து உறவு. மணமான ஆண் இருந்தால்தான் தலைக்கட்டு; தனியாக வாழும் பெண் அந்தக் கணக்கில் ஆளே இல்லை.

ஒரு மறுப்பு வரும்: மரியா இயேசுவின் காலடியில் சும்மா உட்கார்ந்துதானே கேட்டாள், அவளைத்தானே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டவள் என்றார்? சரிதான். லூக்கா நற்செய்தியிலும் பங்கு என்றே தமிழாக்கினார்கள். மரியா வேடிக்கை பார்க்கவில்லை. சீடர் உட்காரும் இடத்தில், ஒரு பெண், உட்கார்ந்தாள். நடுப்பூசை மணிக்குத் தலை நிமிர்த்திய கிழவிகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்களைக் காண மட்டுமே விட்டது முறையில்லை.

2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் சட்டப்படி திறந்தார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக்கினார். ஆகவே பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தலைக்கட்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பேர் இல்லாத விதவையை, தனித்து வாழும் அக்காவை, காலனி வீட்டை எழுதிச் சேருங்கள். வாசகத்துக்கும் பேரவைக்கும் அடுத்து ஆள் தேடும்போது அந்தப் புதுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.