நகரங்களில் மனிதர்கள் (மென் இன் தி சிட்டீஸ்)

அமெரிக்க ஓவியர் ராபர்ட் லாங்கோ (பிறப்பு 1953) 1979 முதல் 1983 வரை கரிக்கோலாலும் பென்சிலாலும் தீட்டிய உருவப்பட வரிசை. நியூயார்க்கின் 'நோ வேவ்' இசைக் கூட்டத்தில் பிறந்தது.

பங்க் இசை எத்தனை முரடாக இருந்தாலும் அதில் பாட்டு என ஒன்று மிஞ்சியது. 1970களின் இறுதியில் கீழ் மன்ஹாட்டனில் எழுந்த நோ வேவ் அதையும் விட்டுவைக்கவில்லை. மெட்டு கிடையாது, கிட்டார் சுருதி சேராது, சாக்ஸபோன் அலறும். கான்டோர்ஷன்ஸ் குழுவின் ஜேம்ஸ் சான்ஸ் மேடையிலேயே வெட்டி வெட்டி இழுத்து ஆடுவார், கூட்டத்துக்குள் பாய்ந்து ரசிகர்களுடன் கைகலப்பார். 1978 மே மாதம் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் கலைக்கூடத்தில் நோ வேவ் குழுக்கள் வாசித்ததைக் கேட்ட இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ, அதே ஆண்டு 'நோ நியூயார்க்' இசைத்தட்டைத் தயாரித்தார். 1977இல் 'பிக்சர்ஸ்' கண்காட்சியில் லாங்கோவின் படைப்பு வைக்கப்பட்டதும் இதே கூடத்தில்தான். அதில் அவர் காட்டியது, இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் திரைப்படக் காட்சி ஒன்றிலிருந்து செய்த சிறு புடைப்புச் சிற்பம்: சுடப்பட்டு முதுகு வளையும் மனிதன். பின்னால் வந்த ஓவியங்களின் வித்து அது. லாங்கோ தாமும் கிட்டார் வாசித்தவர்.

வரைந்த முறை விசித்திரமானது. நண்பர்களை மாடிக்கு அழைத்துப்போய், கயிற்றால் இழுத்தும் பந்துகளை எறிந்தும் துள்ளவைத்து, அந்த நொடியைப் படமெடுத்தார். ஒளிப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மனும் அப்படித் துள்ளியவர்களில் ஒருவர். படத்தைப் புரொஜெக்டரால் பெரிதாக்கி, பின்னணியை அடியோடு நீக்கி, ஆளுயரத்தையும் மிஞ்சும் காகிதத்தில் தீட்டினார். பல படங்களில் முகம் திரும்பியோ மறைந்தோ இருக்கும். இவற்றை உருவப்படம் எனலாமா? எனலாம், அடையாளத்தை முகத்திலிருந்து உடலுக்கு மாற்றியதே லாங்கோவின் சாதனை. ஆடுகிறார்களா, குண்டடிபட்டுச் சாய்கிறார்களா என்று சொல்ல முடியாது.

1981இல் மெட்ரோ பிக்சர்ஸ் காட்சியகத்தில் இவை வைக்கப்பட்டன. அவ்வாண்டே இசையமைப்பாளர் கிளென் பிராங்காவின் 'தி அசென்ஷன்' இசைத்தட்டின் அட்டைக்கும் லாங்கோ வரைந்தார். கடன் இசைக்கே திரும்பியது. ஆனால் ஓவியங்களில் உள்ளவர்கள் அணிந்த கறுப்புக் கோட்டும் ஒல்லி டையும் நோ வேவ் கூட்டத்தின் கிண்டல் உடை என்பது மெல்ல மறந்துபோயிற்று. பார்த்தவர்கள் வால் ஸ்ட்ரீட் அலுவலர்களைக் கண்டார்கள். 2000இல் வெளியான 'அமெரிக்கன் சைக்கோ' திரைப்படத்தில், வங்கியில் வேலை பார்க்கும் கொலைகாரனின் வீட்டுச் சுவரில் இவ்வோவியங்கள் தொங்குகின்றன.