பவுடர் டப்பாவின் கதை

கடையநல்லூரில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை. சோப்பு, எண்ணெய், பவுடர் அடுக்கிய ஒரு பெட்டி கையில் இருக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று அந்தப் பவுடரைக் கொட்டுவார்கள். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? கேட்ட இடங்களில் நடந்ததுதான் இந்தக் கதை!

டால்க் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு கனிமம். கனிமங்களிலேயே மிக மென்மையானது. அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1894-ல் அதைக் குழந்தைப் பவுடராக விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் பவுடர் என்றாலே அந்தப் பெயர்தான் என்று ஆகிவிட்டது.

ஆனால் முதல் பெரிய துயரம் நடந்தது பிரான்சில், வேறொரு பவுடரில். 1972-ல் அங்கே பச்சைக் குழந்தைகள் தோல் சிவந்து, வலிப்பு வந்து, சுயநினைவு இழந்து இறக்கத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் முதலில் மூளைக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது 'மொராஞ்ஜ்' என்ற டால்க் பவுடர். தொழிற்சாலையில் தவறுதலாக ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி அதில் கலந்துவிட்டது. கொஞ்சநஞ்சம் அல்ல, 6 சதவீதத்துக்கும் மேல்! இந்த மருந்து தோல் வழியாக உள்ளே போய் மூளையைத் தாக்கும். புண்ணான தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். பாதிக்கப்பட்டவர்கள் 204 பேர், இறந்தவர்கள் 36 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா இந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. இந்திய விதிகளும் அழகுசாதனங்களில் இதைத் தடுத்தன. சோப்பில் மட்டும் 1 சதவீதம் வரை விட்டுவைத்து, 'குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று லேபிளில் அச்சடிக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு பெரிய கதை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மும்பை முலுந்தில் உள்ள ஜான்சன் ஆலையில் 2007-ல் 15 பேட்ச் குழந்தைப் பவுடரை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கம் செய்தார்கள். மருத்துவமனைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் வாயுதான்; ஆனால் புற்றுநோய் தரக்கூடியது. பவுடரில் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று சோதிக்கவில்லை என்பதே மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்தின் குற்றச்சாட்டு. உரிமத்தை ரத்து செய்ய உத்தரவிட்டது எப்போது? 2013-ல்! அந்தப் பவுடரைப் பூசிக்கொண்ட பிள்ளைகள் அதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள்.

அடுத்தது கல்நார். பூமிக்கடியில் டால்க்கும் கல்நாரும் அக்கம்பக்கத்தில் கிடப்பதுண்டு. நிறுவனத்துக்கு இது பல்லாண்டுகளாகத் தெரியும் என்று 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. இந்திய அதிகாரிகள் மூலப்பொருளை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். கல்நார் இல்லை என்று வந்தபின் 2019-ல் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

அதோடு முடியவில்லை. 2018-ல் எடுத்த மாதிரிகளில் அமில-காரத் தன்மை சரியில்லை என்று சொல்லி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரா மறுபடி உரிமத்தை ரத்து செய்தது. இவ்வளவு தாமதம் ஏன் என்று கண்டித்து, 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. இங்கே நிறுவனம் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடரை 2020-லேயே நிறுத்திய நிறுவனம், 2023-ல் உலகம் முழுக்க நிறுத்தியது. அதற்குப் பதிலாக டப்பாவுக்குள் வந்திருப்பது சோள மாவு.