மலைநாட்டில் கற்காலத்தைத் தேடியோர்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கற்கால மனிதரைத் தேடும் பணி 1885ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்னோடிகள் இருவர். ஒருவர் மஸ்கெலியாத் தோட்டத்துரை ஜோன் போல். மற்றவர் பின்னாளில் பேராதனைப் பூங்காவில் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய ஏர்னஸ்ட் கிறீன். மலைச்சரிவுகளில் கிடந்த வெண்படிகக் கற்சில்லுகள் மனிதர் கைப்பட்டவை என்று கண்டவர்கள் அவர்களே.

அந்த மண்ணைத் திறந்து கொடுத்தவர்களையும் இம்மலரில் நினைவுகூர வேண்டும். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடழித்து, கான் வெட்டி, அட்டைக்கடியிலும் குளிரிலும் உழைத்தோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். ஆய்வேடுகளில் அவர்களுக்குப் பெயரில்லை. ஆயினும் அவர்களது மண்வெட்டி படாத சரிவில் அந்தச் சில்லுகள் காட்டு மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

1907இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த போல் சரசின், பிறிற்ஸ் சரசின் ஆகியோர் ஊவாவின் நில்கலைக் குகைகளை அகழ்ந்து, மறு ஆண்டே நூல் வெளியிட்டனர். 1913இல் ஜோன் போலின் இலங்கைக் கற்கருவிகள் பற்றிய நூலும் வெளிவந்தது. அடுத்த தலைமுறையில் பி. ஈ. பி. தெரணியகல, நுண்கற்கருவி மக்களின் பலாங்கொடைப் பண்பாட்டை உலகறியச் செய்தார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்ததும் மலைநாட்டுக்கு உயர்கல்வியின் நிலையான இருப்பிடம் கிடைத்தது.

பெருந்திருப்பம் கித்துல்கலவில் நேர்ந்தது. 1978 முதல் சிரான் தெரணியகலவும் அவரது குழுவினரும் அங்குள்ள பெலிலெனக் குகையில் பொறுமையுடன் அகழ்ந்தனர். ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையான நுண்கற்கருவிகள் வெளிப்பட்டன. அவற்றுள் பிறைவடிவக் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அளவில் விரல்நகத்தை ஒத்தது. நேரான ஓரம் கூராக இருக்கும். வளைந்த ஓரத்தை நுணுக்கமாகக் கொத்தி மழுக்கியிருப்பார்கள். மழுங்கிய பக்கத்தைப் பிசினால் தண்டில் ஒட்டினால் அம்பாகும், கத்தியாகும். இத்தனை சிறிய கல்லில் இத்தனை தேர்ச்சியா என்ற வியப்பு இன்றும் நீங்கவில்லை.

குழி விழுந்த கூழாங்கற்கள் இன்னொரு செய்தி சொல்கின்றன. அவை கெக்குண முதலிய காட்டுக் கொட்டைகளை உடைத்த கற்கள். காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, குரங்கு, அணில், மரநத்தை என மழைக்காடு முழுவதுமே அம்மக்களுக்குக் களஞ்சியமாயிருந்தது. கரையோர உப்பு அக்குகைவரை வந்தமைக்கும் தடயம் உண்டு. ஆகவே அவர்கள் மலைக்குள் முடங்கிக் கிடந்தவர்களல்லர்.

தமிழகத்துப் பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் மெருகேற்றிய கற்கோடரியும் அரைகல்லும் கொண்டு கொள்ளும் பயறும் விளைத்து வாழ்ந்தனர். நம் மலைகளில் அத்தகைய கோடரிப் பண்பாடு வேரூன்றவில்லை. நுண்கற்கருவிக் காலத்தை அடுத்து இங்கே இரும்பே வந்தது. இடைப்பட்ட மாற்றத்தின் சாயலைக் கேகாலை மாவட்டத்துத் தொரவக்ககந்த காட்டுகிறது. டபிள்யூ. எச். விஜயபாலவின் அகழ்வில் அங்கே கற்கருவிகளோடு மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன.

பேராதனையில் கற்று அங்கேயே விரிவுரையாளராகவும் விளங்கிய பேராசிரியர் கா. இந்திரபாலா, 2005இல் வெளியிட்ட இலங்கைத் தமிழர் வரலாற்று நூலில், இந்த நுண்கற்கருவி மக்களைத் தமிழர், சிங்களவர் ஆகிய இரு சாராருக்கும் பொதுவான மூதாதையராக நிறுத்தினார்.