வெளியிலிருந்து வரும் பரீட்சகர்

பாடம் சொல்லித் தருகிறவரே மதிப்பெண் போடுகிறவராகவும் இருக்கும்வரை மாணவனின் கவனம் பாடத்தில் இராது. ஆசிரியரின் முகத்தில்தான் இருக்கும். அவருக்கு எது பிடிக்கும், எதைச் சொன்னால் எரிச்சல்படுவார் என்ற கணக்கிலேயே அவன் படிப்பு முடிந்துபோகும். இதைத் தனிமனித ஒழுக்கத்தின் பிரச்னையாகக் கருதாமல் அமைப்பின் பிரச்னையாகக் கண்டவர் ஃப்ராங்க் எய்டலாட். 1921இல் பென்ஸில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரிக்குத் தலைவராக வந்தவர். அடுத்த ஆண்டே, ஆங்கில இலக்கியம், சமூக இயல்கள் என்ற இரு துறைகளில் அவர் தொடங்கிவைத்த ‘ஹானர்ஸ்’ திட்டம்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வகைப் படிப்புக்கு முன்மாதிரி ஆயிற்று.

எய்டலாட் இண்டியானாவின் ஒரு சிற்றூர்க்காரர். ரோட்ஸ் உபகாரச் சம்பளத்தில் 1905இல் ஆக்ஸ்ஃபர்டு போனவர். எலிஸபெத் காலத்து இங்கிலாந்தின் போக்கிரிகளையும் நாடோடிகளையும் பற்றி 1913இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊர் விலக்கிவைத்தவர்களைப் பற்றி எழுதியவர், ஊர் மெச்சும் மாணவர்களுக்கான திட்டத்தால்தான் நினைக்கப்படுகிறார். ஆக்ஸ்ஃபர்டில் அவர் கண்டது இது: கல்லூரியின் ட்யூட்டர் மாணவனைத் தயார் செய்கிறார், பரீட்சையை நடத்துவது பல்கலைக்கழகம். எனவே ஆசிரியரும் மாணவனும் ஒரே கட்சி. ஸ்வார்த்மோரோ தனிக் கல்லூரி. அதற்கு மேலே பல்கலைக்கழகம் ஒன்று இல்லை. ஆகவே அவர் பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களைப் பரீட்சகர்களாக வரவழைத்தார்.

நடைமுறை எளிமையானது. முதல் இரண்டு ஆண்டுகள் எல்லோருக்கும் பொது. அதற்குப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் வகுப்புகளிலிருந்து விடுபட்டு, ஆறேழு பேர் கொண்ட செமினார்களில் வாரம் ஒருமுறை கூடுவார்கள். ஒருவர் எழுதிவந்த கட்டுரையை மற்றவர்கள் பிய்த்துப் போடுவார்கள். பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில் நடக்கும் இந்தக் கூட்டம் பின்மாலையையும் விழுங்கிவிடும். இடையில் மதிப்பெண் கிடையாது. கடைசியில் எழுத்துப் பரீட்சை. அதன்பின் பரீட்சகரோடு நேருக்கு நேர் வாய்மொழித் தேர்வு. பட்டத்தில் எந்தத் தகுதியைக் குறிப்பது என்று தீர்மானிப்பது அந்த அந்நியர்தான். பயிற்றுவித்தவருக்கு வோட்டு கிடையாது. இதில் சோதிக்கப்படுவது மாணவன் மட்டுமில்லை என்பது ஆசிரியர்களுக்குச் சீக்கிரமே விளங்கியிருக்கும்.

1944இல் எய்டலாட் எழுதிய நூலின் தலைப்பில் ‘லாக்ஸ்டெப்’ என்ற சொல் வருகிறது. முன்னால் போகிறவன் தோளில் கைவைத்து, ஒருவரோடொருவர் ஒட்டி, ஒரே தாளத்தில் கைதிகளை நடக்கவைத்த அமெரிக்கச் சிறைகளின் வழக்கம் அது. எல்லோரையும் ஒரே வேகத்தில் நடத்துவது சமத்துவம் ஆகாது என்பது அவர் வாதம்: அது மெதுவாக நடப்பவனுக்கும் நியாயமில்லை, வேகமாக நடப்பவனுக்கும் நியாயமில்லை, ஜனநாயகத்துக்குச் சிறந்த மூளைகள் தேவை. இந்த வாதத்தை முற்றாக நிராகரிக்க நம்மால் முடியாது. ஆனால் யார் வேகமாக நடப்பவன் என்பதை எந்தப் பாதையில் வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி அதற்குள் எழவேயில்லை.

ஸ்வார்த்மோரை 1864இல் நிறுவிய க்வேக்கர்கள் அடிமைமுறையை எதிர்த்தவர்கள். தொடக்கத்திலிருந்தே பெண்களும் ஆண்களும் அங்கே சேர்ந்து படித்தார்கள். எனினும் 1940கள் வரை கறுப்பின மாணவர்கள் அங்கே படித்ததில்லை. எய்டலாட்டின் திட்டம் புகழின் உச்சிக்கு ஏறிய காலமும் இதுவே. மாணவிகளின் சங்கங்களில் யூதப் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. மோலி யார்ட் முதலிய மாணவிகள் எதிர்த்துக் கிளம்பி, 1933இல் வாக்கெடுத்து அந்தச் சங்கங்களையே ஒழித்தார்கள். அந்தச் சீர்திருத்தம் செமினாரிலிருந்தோ நிர்வாகத்திலிருந்தோ வரவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கம் நின்று யோசித்த சிலரிடமிருந்து வந்தது.

1957இல் ஜோசஃப் கோஹென் என்ற கொலராடோ தத்துவ ஆசிரியரின் முயற்சியில், சிறந்த மாணவர்களுக்கான பல்கலைக்கழகக் குழு ஒன்று அமைந்தது. ஸ்புட்னிக் பறந்ததும் அதே ஆண்டில்தான். தனியார் கல்லூரியின் ஏற்பாடாக இருந்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவிற்று. பரவியபோது பெயர் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் வெளிப் பரீட்சகர் போய்ச் சேரவில்லை. பல இடங்களில் ‘ஹானர்ஸ்’ என்பது கெட்டிக்காரர்களுக்கான தனி வகுப்பாகவே நின்றுவிட்டது. தாங்களும் தீர்ப்புக்கு உட்பட வேண்டும் என்ற ஆசிரியர்களின் சங்கடத்தை விட்டுவிட்டு, மாணவர்களுக்கான கௌரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1969 ஜனவரியில் ஸ்வார்த்மோரின் கறுப்பின மாணவர்கள் கல்லூரியின் ஓர் அலுவலகத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது நூலகத்தையோ பரீட்சை அறையையோ அல்ல, அட்மிஷன் அலுவலகத்தை. கறுப்பின மாணவர்களை அதிகம் சேர்க்கவேண்டும், கறுப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்பன கோரிக்கைகள். பேச்சு நடந்துகொண்டிருக்கையில், 16ஆம் தேதி, தலைவர் கோர்ட்னி ஸ்மித் தம் அலுவலகத்தில் மாரடைப்பால் இறந்தார். மாணவர்கள் போராட்டத்தை நிறுத்தி வெளியேறினார்கள். யாரையும் வில்லனாக்க இடம் தராத துக்கம் இது. ஆனால் இடத்தேர்வு தற்செயலானதல்ல.

எய்டலாட் வெளியேறும் வாசலின் நீதியை வெளியாரிடம் ஒப்படைத்தார். அது பெரிய காரியம். நுழையும் வாசலின் நீதி உள்ளிருப்பவர்கள் கையிலேயே இருந்தது. தரம் என்ற சொல்லின் சிக்கல் முழுதும் இந்த இரண்டு வாசல்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே வந்துவிட்டவனை எவ்வளவு நேர்மையாக அளந்தாலும், வராதவனைப் பற்றி அந்த அளவுகோல் ஒன்றும் சொல்லாது.

அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. சேருவோர் குறைந்துபோக, 1990களின் நடுவில் விதிகளைத் தளர்த்தித் திருத்தினார்கள். வெளிப் பரீட்சகரை மட்டும் கைவிடவில்லை. வருஷாவருஷம் மே மாதத்தில் முன்பின் அறியாத ஒருவர் வந்து உட்கார்ந்து, உன் ஆசிரியர் சொன்னது இருக்கட்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். நம் விமர்சன வட்டங்கள் தங்களை இந்தக் கேள்விக்கு உட்படுத்திக்கொள்ளத் தயாரா என்பது தனியே பேசவேண்டிய விஷயம்.